ஒரே ஓர் அழுமூஞ்சி

மேல்மாடி மேடத்திடமிருந்து போன் வந்தபோது, பொறுப்பு சார் அன்றைய காலை உரையின் கடைசி வாக்கியத்துக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தார்.

“நேத்தும் ஒண்ணு வந்திருக்கு சார்” என்றார் மேடம்.

“எது மேடம்?”

“அழுமூஞ்சி. உங்க பிரிவுல நாலு சிரிச்ச மூஞ்சி, ஒரு அழுமூஞ்சி. பொட்டி மாட்டின நாளிலிருந்து இதே கதைதான்.”

“இன்னைக்கே சரி பண்ணிடறேன் மேடம்.”

“பண்ணுங்க. மாசக் கடைசியில உங்களை நிரந்தரம் பண்ற பைல் என் மேஜைக்கு வருது. இந்தத் தடவை மத்த எதையும் பார்க்கப் போறதில்ல. பொட்டி என்ன சொல்லுதோ அதுதான்.”

போனை வைத்துவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பார்த்தார். நான்கு தலைகள் நான்கு மேஜைகளில் குனிந்திருந்தன. அதில் ஒன்று அழுகிறது. எது என்றுதான் தெரியவில்லை.

அவருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அலுவலகத்தில் அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் புழங்கியது. பார்சல் கம்பெனியின் கிடங்கில் வருஷக்கணக்காக எடை போட்டுக்கொண்டிருந்தவரை, மாடியில் ஒரு பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்றதும், தற்காலிகப் பொறுப்பு என்று சொல்லி அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பொறுப்புத் தலைவர் என்பது வாயில் தேய்ந்து பொறுப்பு சார் ஆனது. அந்தப் பொறுப்பு உதிர்ந்து, வெறும் தலைவராக ஆகிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. சுழலும் நாற்காலி, கண்ணாடி அறை, சட்டைப் பையில் ஏசி ரிமோட் என்று எல்லாம் பழகிவிட்டது. திரும்பக் கீழே போக அவருக்கு மனமில்லை.

அவருடைய பிரிவுக்கு வருவது திரும்பி வந்த பார்சல்கள். விலாசத்தில் ஆள் இல்லை, கதவு பூட்டியிருக்கிறது, எனக்கு வேண்டாம் என்று எந்தக் காரணத்துக்குத் திரும்பினாலும் இங்கேதான் வந்து குவியும். அனுப்பியவரைக் கூப்பிட்டு, அவர் திட்டுவதை வாங்கிக்கொண்டு, சரியான விலாசத்தையும் வாங்க வேண்டும். முதலாவது சுலபமாகக் கிடைக்கும், இரண்டாவதுதான் கஷ்டம்.

ஊழியர்களின் வேலைத் திருப்தியையும் மன அழுத்தத்தையும் அளக்கிறோம் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் கம்பெனி ஒரு பொட்டி கொடுத்திருந்தது. மாடிப்படித் திருப்பத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில் அதை மாட்ட வேண்டும். அதில் இரண்டு பொத்தான்கள். ஒன்றில் சிரித்த மூஞ்சி, இன்னொன்றில் அழுமூஞ்சி. சாயந்திரம் வீட்டுக்குப் போகும்போது அடையாள அட்டையைக் காட்டிவிட்டு ஒரே ஒரு தடவை அழுத்தலாம். மேலே எண்ணிக்கை போகும். யார் எதை அழுத்தினார்கள் என்பது போகாது.

எலக்ட்ரீஷியன் வரிசைப்படிதான் வருவேன் என்று சொல்லிவிட்டார். பொறுப்பு சாருக்கு அதுவரை பொறுக்கவில்லை. கிடங்கிலிருந்து ஒரு திருப்புளியை வாங்கிவந்து, அவரே ஏணியில் ஏறி, மேலிருந்து வயரை இழுத்துக் கொடுத்து மாட்டிவிட்டார். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. எல்லாப் பிரிவுகளுக்கும் முன்னால் எங்கள் பிரிவில் பொட்டி வேலை செய்கிறது என்று மேடத்துக்குப் போன் செய்து சொன்னவரும் அவர்தான். அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் கட்டை விரலால் சிரித்த மூஞ்சியை நன்றாக ஊன்றி அழுத்திவிட்டுத்தான் படியிறங்குவார். அதில் நடிப்பு இல்லை. மனிதர் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார்.

அவருடைய பிரிவில் சத்தமே இருக்காது. மற்ற பிரிவுகளில் பேச்சும் சிரிப்புமாக இருக்க, இங்கே குண்டூசி விழுந்தால் கேட்கும். நிம்மதி இருக்கிற இடத்தில்தான் அமைதி இருக்கும் என்பது அவர் கட்சி. பொட்டியும் அதைத்தானே சொல்கிறது, நாலு பேர் சிரிக்கிறார்கள் என்று. மிச்சம் அந்த ஒன்றைச் சிரிக்க வைத்துவிட்டால் போதும்.

முதலில் டைப்பிஸ்ட் அக்காவைக் கூப்பிட்டார். டைப்ரைட்டர் ஒழிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அக்காவின் பட்டம் மட்டும் ஒழியவில்லை. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எதிரில் வந்து நின்றார்.

“உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா அக்கா?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“மனசு விட்டுச் சொல்லுங்க. நான் உங்க தம்பி மாதிரி.”

அக்கா சிறிது நேரம் அவருடைய சட்டைப் பையையே பார்த்தார். “கொஞ்சம் குளிருது சார்.”

“உடம்பு சரியில்லையா?”

“உடம்பு சரியாத்தான் இருக்கு. ஏசி என் தலைக்கு மேலதான் இருக்கு சார். வந்த நாளிலிருந்து வெறைச்சுப் போறேன்.”

பொறுப்பு சாருக்கு வியர்வை உடம்பு. அந்த ரிமோட்டை அவர் ராத்திரி வீட்டுக்கே எடுத்துப் போகிறவர். ஆனாலும் நிரந்தரம் என்ற சொல் கண்முன் வந்து நின்றது. பையிலிருந்து எடுத்து அக்காவின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

“இனிமே இது உங்ககிட்டயே இருக்கட்டும்.”

அக்கா அதை வாங்கிக்கொண்டு வெளியே போய், சால்வையை மடித்து இழுப்பறையில் வைத்தார். அரை மணியில் பொறுப்பு சாரின் கழுத்துப்பட்டி நனைந்துவிட்டது. போகட்டும், வேலை முடிந்தது என்று சமாதானம் செய்துகொண்டு, சாயந்திரம் வழக்கம்போலச் சிரித்த மூஞ்சியை ஊன்றி அழுத்திவிட்டுப் போனார்.

மறுநாள் காலை போன் வந்தது.

“என்ன பண்ணீங்க சார்?”

“சரி பண்ணிட்டேன் மேடம்.”

“ரெண்டு ஆயிருக்கு.”

“சிரிச்ச மூஞ்சியா?”

“அழுமூஞ்சி.”

போனை வைத்த கையோடு கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெளியே டைப்பிஸ்ட் அக்கா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தார். ஆக, அழுதது அக்கா இல்லை. அந்த ஆசாமி இன்னும் அழுதுகொண்டேதான் இருக்கிறார். அக்காவுக்கு மட்டும் சலுகையா என்று இப்போது இன்னொருவரும் சேர்ந்துகொண்டுவிட்டார். அப்படித்தான் இருக்க வேண்டும்.

யார் அந்த ஆசாமி என்று பார்த்தால், கணக்கரின் முகம் எப்போதுமே சரியில்லை. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்தது. பார்சலுக்கு ஆன செலவு, அபராதம் எல்லாம் அவர் கணக்கில்தான் ஏறும். பொறுப்பு சாரை விட வயதில் மூத்தவர்.

“அண்ணே, இப்படி உட்காருங்க.”

“பரவாயில்ல, நின்னே பழகிடுச்சு” என்றார் கணக்கர்.

அந்தப் பதிலில் ஏதோ இருந்தது. பொறுப்பு சார் தோண்டித் துருவினார். கடைசியில் வந்து விழுந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். தினம் காலையில எல்லாரையும் வட்டமா நிக்கவச்சு உரை நிகழ்த்தறீங்க இல்ல, அது முடியறதுக்குள்ள என் முட்டி ரெண்டும் கழண்டுடுது. அப்புறம் கையைத் தட்டிக்கிட்டு, நாம் மகிழ்ச்சியாக இருக்கிறோம்னு மூணு தடவை சொல்லச் சொல்றீங்க. இந்த வயசுல வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளை முகத்தைப் பார்க்கவே கூச்சமா இருக்கு.”

காலை உரைதான் பொறுப்பு சாரின் உயிர். கிடங்கில் மூட்டைகளோடு மட்டுமே பேசிக்கொண்டிருந்தவருக்கு, நாலு பேர் நின்று கேட்பது என்பது எவ்வளவு பெரிய விஷயம். அன்றைய உரையைச் சட்டைப் பையில், ரிமோட் இருந்த இடத்தில் வைத்திருந்தார். அதை எடுத்து நான்காக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

“இனிமே காலைக் கூட்டம் கிடையாது அண்ணே.”

“நிஜமாவா சார்?”

“நிஜமா.”

கணக்கர் வெளியே போய்ச் செய்தியைச் சொன்னதும் ஒரு கைதட்டல் கேட்டது. கூட்டத்தில் அவர்கள் இவ்வளவு பலமாகத் தட்டியதே இல்லை என்பது பொறுப்பு சாரின் மனதில் எங்கேயோ குத்தியது.

மறுநாள் அழுமூஞ்சி மூன்று.

மேடத்தின் குரலில் இப்போது ஒரு பரிதாபம் தெரிந்தது. அதுதான் பொறுப்பு சாரைப் பயமுறுத்தியது. “நீங்க எதுவும் செய்யாம இருந்தப்ப ஒண்ணோட நின்னுது சார்” என்றார்.

“இன்னைக்கு ஒருத்தர்கிட்ட பேசிடறேன் மேடம். அவர்தான் வேர்.”

வேர் என்று அவர் முடிவு கட்டியது போன்காரரை. அனுப்பியவர்களைக் கூப்பிட்டுத் திட்டு வாங்குவது அவர் வேலை. ஒவ்வொரு தடவை போனை வைக்கும்போதும் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சு கண்ணாடியைத் தாண்டி வந்து பொறுப்பு சாரின் மேல் மோதும்.

“திட்டறது கூடப் பரவாயில்ல சார்” என்றார் போன்காரர். “திட்டறப்ப நீங்க பின்னால வந்து நின்னு கேக்கறீங்க பாருங்க, அதுதான் தாங்கல. முன்னால ஒருத்தர், பின்னால ஒருத்தர். நான் எந்தப் பக்கம்தான் பார்க்கறது?”

“நீங்க எப்படிப் பேசறீங்கன்னு கத்துக்கத்தான்பா நின்னேன்.”

“கத்துக்கிட்டீங்களா சார்?”

“கத்துக்கிட்டேன்.”

“அப்ப ரொம்பக் கத்தறவங்களை மட்டும் உங்க லைனுக்கு மாத்திவிடட்டுமா?”

ஐயோ என்று சொல்ல வாயெடுத்தவர், மாசக் கடைசியை நினைத்துத் தலையை ஆட்டினார். மாற்றிவிட்ட முதல் அம்மாள் எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தார்.

“என் மக கல்யாணத்துக்கு அனுப்பின தட்டுமுட்டுச் சாமானை, மக கல்யாணமாகிப் பிள்ளையும் பெத்தப்புறம் திருப்பி அனுப்பறீங்களே, நீங்கள்லாம் சாப்பிடறது சோறுதானா?”

“அம்மா, விலாசத்துல வீட்டு நம்பர் இல்லம்மா.”

“வீடு இருந்துச்சு இல்ல? நம்பரா குடியிருக்குது?”

“இப்பவாவது நம்பர் சொன்னீங்கன்னா…”

“அவ வீடு மாறிட்டா.”

சாயந்திரம் வரைக்கும் இப்படித்தான். அவர் காது சிவந்துபோனது. வெளியே போன்காரர் பெருமூச்சே விடாமல் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, சாதுவான வாடிக்கையாளர்களோடு குசலம் விசாரித்துக்கொண்டிருந்தார். பொறுப்பு சார் தள்ளாடி வந்து படித் திருப்பத்தில் நின்றார். மனது எப்படிக் கிடந்தாலும் கட்டை விரல் தன் கடமையைச் செய்தது. சிரித்த மூஞ்சியைத்தான் அழுத்தினார்.

மறுநாள் நாலு அழுமூஞ்சி, ஒரு சிரித்த மூஞ்சி.

அந்த ஒன்று தான்தான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அப்படியானால் அவர்கள் நாலு பேரும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டார்கள். கேட்டதையெல்லாம் வாங்கிக்கொண்டு, சாயந்திரமானால் முதுகில் குத்துகிறார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தார். கணக்கர் ஏதோ சொல்ல, டைப்பிஸ்ட் அக்கா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். என்ன நடிப்பு. பொட்டி மட்டும் இல்லாவிட்டால் அவர் அந்தச் சிரிப்பை நம்பியிருப்பார்.

அன்று சாயந்திரம் மற்றவர்கள் கிளம்புவதற்கு முன்னால் அவர் ரப்பர் ஸ்டாம்பு மைப்புட்டியை எடுத்துக்கொண்டு மாடிப்படித் திருப்பத்துக்குப் போனார். அழுமூஞ்சிப் பொத்தானில் மட்டும் நீல மையை லேசாகத் தடவிவிட்டு வந்தார். யார் விரலில் நீலம் இருக்கிறதோ அவர்கள் அழுதவர்கள். அவ்வளவுதான் கணக்கு.

மறுநாள் போனில் அதே நாலு. பொறுப்பு சார் ஒவ்வொருவரிடமும் போய் ஏதாவது ஒரு சாக்கில் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். டைப்பிஸ்ட் அக்காவின் விரல்கள் சுத்தமாக இருந்தன. கணக்கர், கைரேகை பார்க்கத் தெரியுமா சார் என்று கேட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்தார். அதிலும் ஒன்றும் இல்லை. போன்காரர் கையிலும் இல்லை. கடைசியில் புதுசின் கட்டை விரலில் மட்டும் நீலம் பளிச்சென்று இருந்தது.

புதுசு என்பது அந்தப் பிரிவிலேயே இளையவள். வந்து வருஷங்கள் ஆகியும், அவளுக்குப் பின்னால் யாரையும் வேலைக்கு எடுக்காததால் அவள்தான் இன்னும் புதுசு.

நாலு அழுகைக்கு ஒரு நீல விரல்தானா? பொறுப்பு சார் யோசித்தார். விடை உடனே கிடைத்தது. மற்ற மூன்று பேரும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள், மையைப் பார்த்ததும் பேனாவின் பின்பக்கத்தால் அழுத்தியிருப்பார்கள். சூதுவாது தெரியாத இந்தப் பெண் மட்டும் மாட்டிக்கொண்டுவிட்டது.

“விரல்ல என்னம்மா?”

அவள் முகம் வெளுத்துவிட்டது. கையை மேஜைக்கு அடியில் இறக்கினாள்.

“பயப்படாதே. நான் ஒண்ணும் பண்ணமாட்டேன். ஏன் அழறேன்னு மட்டும் சொல்லு.”

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “தினம் நான் பையை எடுக்கறப்பதான் சார் நீங்க ஒரு சின்ன வேலைன்னு கூப்பிடுவீங்க. அந்தச் சின்ன வேலை முடியறதுக்குள்ள என் பஸ் போயிடும். குழந்தைக் காப்பகத்துல எல்லாப் பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போனப்புறம் என் பையன் மட்டும் ஷூவை மாட்டிக்கிட்டு வாசல்ல உட்கார்ந்திருப்பான். நேத்து அங்கயே தூங்கிட்டான் சார்.”

அந்தச் சின்ன வேலையைப் பொறுப்பு சார் எந்த அவசரத்துக்காகவும் கொடுத்ததில்லை. வேலை நடக்கிறது என்று மேலே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் கொடுத்தார். வெட்கமாக இருந்தது.

“இனிமே மணி அடிச்சதும் நீ கிளம்பிடும்மா. மிச்சம் இருந்தா நான் பார்த்துக்கறேன்.”

“சார், நீங்க…”

“கிளம்பு.”

அன்று மணி அடித்ததும் அவள் கிட்டத்தட்ட ஓடினாள். அவள் பின்னாலேயே மற்ற மூன்று பேரும் பேசிச் சிரித்துக்கொண்டே படியிறங்கும் சத்தம் கேட்டது. பொறுப்பு சார் புழுக்கத்தில் உட்கார்ந்து, அவள் விட்டுப்போன பார்சல் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிந்தார். ரிமோட் அக்காவின் இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது. காதில் இன்னும் யாரோ திட்டிக்கொண்டிருந்தார்கள். நாளைக் காலையில் சொல்வதற்கு ஓர் உரைகூடக் கையில் இல்லை.

வேலையை முடித்துவிட்டுப் பொட்டியின் முன்னால் வந்து நின்றார். சிரித்த மூஞ்சி அவரைப் பார்த்துச் சிரித்தது. முதல் தடவையாக அவருக்கு அதன் மேல் எரிச்சல் வந்தது. யாருக்காக இதை அழுத்த வேண்டும்? நாலு பேரும் எதை அழுத்துகிறார்களோ அதையே நானும் அழுத்திவிட்டுப் போகிறேன். விரலை நகர்த்தி அழுமூஞ்சியை ஒரு குத்துக் குத்தினார். மனதுக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார். அழைப்பு மணி இருக்கத்தான் செய்தது. வயர் இல்லாத மணி என்று வாங்கிவந்து அவரே மாட்டியது. அதை அழுத்தினால் எதிர் வீட்டில் அடிக்கும். எதிர் வீட்டுக்காரர்கள் வந்து திறந்து பார்த்துவிட்டு, உங்க வீட்டுக்குத்தான் ஆள் வந்திருக்கு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆள் வரவழைத்துச் சரி செய்யலாம் என்று மனைவி சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டாள்.

கதவைத் திறந்தவள் அவர் கையைப் பார்த்தாள். “விரல்ல என்ன நீலமா?”

“ஆபீஸ் விஷயம்.”

சாப்பாட்டின் நடுவில் அவராகவே எல்லாவற்றையும் கொட்டினார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“அவங்க கேட்டதையெல்லாம் செஞ்சீங்க இல்ல?”

“செஞ்சேன்.”

“அப்புறமும் அழறாங்களா?”

“முன்னைவிட அதிகமா அழறாங்க. என் எதிர்ல மட்டும் சிரிக்கறாங்க.”

“சிரிக்கறாங்கன்னா சந்தோஷமா இருக்காங்கன்னுதானே அர்த்தம்?”

“உனக்கு ஆபீஸ் பத்தி என்ன தெரியும்? பொட்டி பொய் சொல்லுமா?”

அவள் தயிரை இன்னொரு கரண்டி போட்டாள்.

மறுநாள் போன் வருவதற்கு முன்பே அவருக்கு விடை தெரியும். நாலும் ஒன்றும் ஐந்து. ஐந்து அழுமூஞ்சி.

“நாலு சார்” என்றார் மேடம். “நாலு அழுமூஞ்சி, ஒரு சிரிச்ச மூஞ்சி.”

பொறுப்பு சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஒரு சிரிச்ச மூஞ்சியா? நல்லாப் பாருங்க மேடம்.”

“நல்லாத்தான் பார்த்தேன். அந்த ஒண்ணாவது நீங்களா சார்?”

மென்று விழுங்கினார். “ஆமா மேடம்.”

அன்று அவருக்கு வேலையே ஓடவில்லை. அந்த நாலு பேரில் ஒருவர் மனம் மாறியிருக்கிறார். இந்த உலகத்தில் ஒரே ஒரு ஜீவன் தன்னிடம் வேலை செய்வதில் சந்தோஷப்படுகிறது. அது யார் என்று தெரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் போகட்டும் என்றிருந்தது. குட்டி போட்ட பூனை மாதிரி மேஜை மேஜையாகச் சுற்றினார்.

டைப்பிஸ்ட் அக்கா அவரைப் பார்த்ததும், வேர்க்குதே சார் என்று ஏசியைத் தானாகவே கொஞ்சம் கூட்டிவைத்தார். அவராக இருக்குமோ? கணக்கர் எழுந்து நின்று, உட்காருங்க சார் என்று தன் நாற்காலியைக் காட்டினார். அவரோ? போன்காரர் ஒரு தேநீரை வாங்கிவந்து மேஜையில் வைத்தார். புதுசு தன் பையன் வரைந்த படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். படத்தில் ஒரு பெரிய பஸ் இருந்தது. அதன் ஜன்னலில் ஓர் அம்மா இருந்தாள். நாலு பேருமே ஒரே மாதிரிதான் சிரித்தார்கள். நாலில் மூன்று சிரிப்பு பொய் என்று பொட்டி சொல்லியிருந்தது. எது மெய் என்று கண்டுபிடிக்க முடியாமல் அவர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். தேநீர்கூடக் கசந்தது.

மாசக் கடைசி வரைக்கும் அந்தக் கணக்கு மாறவில்லை. தினமும் அவர் அழுமூஞ்சியைக் குத்திவிட்டுப் போவார். தினமும் காலையில் நாலு அழுமூஞ்சி, ஒரு சிரித்த மூஞ்சி.

கடைசி நாளன்று மேடம் போனில் சுற்றி வளைக்கவில்லை. “உங்க மேல எனக்கு மரியாதை உண்டு சார். ஆனா இப்படி ஒரு பிரிவு இந்தக் கட்டடத்துலயே இல்ல. வேற ஆளைப் போடச் சொல்றாங்க. நீங்களா விட்டுக்கொடுத்தா உங்களுக்கும் கௌரவம்.”

பொறுப்பு சார் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார். நாலு பேரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் கீழ கிடங்குக்கே போயிடறேன் மேடம். மூட்டைங்க மூஞ்சியைக் காட்டாது.”

அவர் சாப்பாட்டு டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது செய்தி அதற்குள் பரவிவிட்டிருந்தது. நாலு பேரும் வழியை மறித்துக்கொண்டு நின்றார்கள். புதுசின் கண்கள் கலங்கியிருந்தன.

“நிஜமாவே போறீங்களா சார்?” என்றார் கணக்கர். “இவ்வளவு வருஷத்துல எத்தனையோ தலைவருங்களைப் பார்த்துட்டேன். உங்களை மாதிரி ஒருத்தர் வாய்க்கல.”

“போதும் அண்ணே.”

“நாங்க வேணும்னா மேல போய்ப் பேசிப் பார்க்கறோம் சார்” என்றார் போன்காரர்.

பொறுப்பு சாருக்கு இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது. “வேண்டாம்பா. என் எதிர்ல நடிக்க வேண்டாம். நீங்க நாலு பேரும் தினம் போறப்ப அந்தப் பொட்டியில எதை அழுத்தறீங்கன்னு எனக்குத் தெரியும்.”

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டைப்பிஸ்ட் அக்கா வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.

“தெரியுமா சார்? ரகசியம்னு சொன்னாங்களே.”

“எல்லாம் தெரியும்.”

“தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும் சார்” என்றார் அக்கா. “மனசுல இருக்கறதைத்தானே அழுத்தறோம்.”

இதற்கு மேல் கேட்பதற்கு என்ன இருக்கிறது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் விலகி நடந்தார். பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

மாடிப்படித் திருப்பத்தில் எலக்ட்ரீஷியன் ஏணியோடு நின்றிருந்தார். சோதனை மாசம் முடிந்துவிட்டது, பொட்டிகளைக் கழற்றி அடுத்த கிளைக்கு அனுப்புகிறார்கள். மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தவர், கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

“சார், இதை மாட்டினது யாரு?”

பொறுப்பு சார் படியில் நின்றார். எல்லாம் போய்விட்டது. கையில் மிச்சமிருந்த ஒரே பெருமை அதுதான்.

“நான்தான். ஏன், நேரா இல்லையா?”

“நேராத்தான் இருக்கு சார். உள்ள ரெண்டு வயரையும்தான் இடம் மாத்திக் குடுத்துட்டீங்க” என்றார் எலக்ட்ரீஷியன். “இத்தனை நாளா இங்க அழுதவங்க எல்லாம் சிரிச்சதாவும், சிரிச்சவங்க எல்லாம் அழுததாவும்தான் மேல போயிருக்கும்.”